மஞ்சள் தவளைகள் வந்த பிறகு

எங்கள் ஊர் லக்டி நாலாவுக்கு எல்லாமே கப்பலில் வந்ததுதான். எங்கள் அப்பா அம்மாக்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் வங்காளத்துக் குடும்பங்கள் வந்தன, மரம் வெட்ட ராஞ்சி ஆட்கள் வந்தார்கள், அரிசியும் வெங்காயமும் சிமெண்டும் வந்தன, ஆடு வந்தது, காக்கை வந்தது, ஒரு வருஷம் அந்தோனியார் சிலை உடம்பெல்லாம் வைக்கோல் சுற்றிக்கொண்டு வந்தது. அப்படியே ஒரு மழைக்காலத்து ஆரம்பத்தில், தண்ணீரும் காற்றும் அடைத்த பிளாஸ்டிக் பைகளில், மீன்குஞ்சுகளோடு மீன்குஞ்சுகளாக மஞ்சள் தவளைகளும் வந்தன.

அந்தப் பைகளை வாங்கியவன் சவரிநாதன். அந்தமானின் நடுத்தீவில், காட்டுக்கும் கடலுக்கும் இடையே கிடக்கிற எங்கள் குடியிருப்பில், பாக்குத் தோட்டத்தின் ஓரமாக ஒரு குளம் வெட்டி, கட்லா மீன் வளர்த்துப் பிழைக்கலாம் என்று நினைத்ததைத் தவிர அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. பையை அவிழ்த்துக் குளத்தில் கவிழ்த்தபோது வாலாட்டிக்கொண்டு போனவற்றில் எது மீன், எது தவளைக்குஞ்சு என்று அவனுக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் தவளைக்குஞ்சுதானே என்று விட்டிருப்பான், நாங்களும் விட்டிருப்போம். மீன் பெருகும் பெருகும் என்று அவன் காத்திருக்க, உள்ளே தவளைக்குஞ்சுகள் மீன்குஞ்சுகளைத் தின்று பெருகின. அடுத்த பெருமழையில் குளக்கரையில் ஏறி உட்கார்ந்தவை உள்ளங்கையைவிடப் பெரிய தவளைகள், மஞ்சளென்றால் மாப்பிள்ளைக்கு நலங்கு வைத்தது போன்ற மஞ்சள், இரண்டு கன்னத்திலும் நீல நிறத்தில் பை ஊதிக்கொண்டு, மாடு கனைப்பது போலக் கத்தின. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. வங்காளிப் பெண்கள் குலவை போட்டார்கள். லட்சுமி வந்திருக்கிறாள் என்று ஒருவர் சொன்னார், எங்களில் யாரும் மறுக்கவில்லை.

முதலில் கோழிக்குஞ்சுகள் குறைந்தன. பிறகு பூரான்கள் காணாமல் போயின, முழங்கை நீளப் பூரான்களோடு காலங்காலமாகப் படுத்து எழுந்த எங்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. பிறகு அரணைகள் போயின, படியோரத்துப் பச்சைப் பாம்புக் குட்டிகள் போயின, நண்டுகள் போயின, மழை விட்ட பின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன ஜீவன்கள் ஒவ்வொன்றாகப் போயின, ஒவ்வொன்று போகும்போதும் அதற்குப் பெயர் வைக்காமலே இருந்திருக்கிறோம் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடைசியில், அந்தியில் காட்டிலிருந்து வரும் ஒரு சத்தம் மெலிய ஆரம்பித்தது.

அது மரப்பொந்துத் தவளையின் சத்தம். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், மரப்பட்டை நிறம். படாக் மரங்களின் பொந்தில் மழைநீர் தேங்கி நிற்குமே, அதற்குள் பாதி உடம்பு நனைய உட்கார்ந்துகொண்டு, பித்தளைக் குடத்தை விரல் முட்டியால் தட்டினது மாதிரி, டுங், என்று கூப்பிடும். சற்று நேரம் விட்டு மறுபடி, டுங். பசித்தால் தரைக்கு இறங்கி எறும்பு பொறுக்கிவிட்டு ஏறிக்கொள்ளும். அப்படி இறங்கியவை ஏறவில்லை. நூறு குடம் ஒலித்த இடத்தில் பத்து ஒலித்தன, பத்து ஒலித்த இடத்தில் ஒன்று ஒலித்தது, அந்த ஒன்று சவரிநாதனின் அக்கா அமலோற்பவத்தின் வீட்டுக்குப் பின்னால் இருந்த படாக் மரத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அமலோற்பவத்தை எங்கள் கரையில் தெரியாதவர் கிடையாது, முகம் தெரியாதவருக்கும் குரல் தெரியும். படகுத்துறை ஜெட்டியில் போட் வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் சொல்வது அவள்தான். முதலில் இந்தி, பிறகு வங்காளம், பிறகு தமிழ், மூன்றிலும் அவசரமில்லாத, கொஞ்சம் கனமான ஒரே குரல். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பல வருஷம் பார்த்துக்கொண்டாள். அம்மா போனபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது, அதற்கு மேல் யாரும் பெண் கேட்டு வரவில்லை, அவளும் எதிர்பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பகலெல்லாம் ஊருக்கே கேட்கப் பேசுகிறவள் வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லாமல் இருந்தாள். அந்தியில் அந்த ஒற்றைத் தவளை கூப்பிடும்போது பின்வாசலில் நின்று, "உனக்கும் யாரும் இல்லையா?" என்று கேட்பாளாம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி மனைவி குளோரி கேட்டிருக்கிறாள்.

ஒரு நாள் அந்தியில் படாக் மரம் சும்மா இருந்தது. மறுநாள் அந்தி, கடைசி போட் புறப்படும் நேரம், எங்கள் தீவில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், அமலோற்பவம் மைக்கைப் போட்டு, பயணிகள் கவனத்துக்கு என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கியில் வந்தது, டுங்.

ஜெட்டியில் நின்றவர்கள் ஒரு நிமிஷம் பார்த்தார்கள். மறுபடி, டுங். போட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கயிற்றை அவிழ்த்தார், மூட்டை வைத்திருந்தவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள், போட் நேரத்துக்குப் புறப்பட்டுப் போனது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். காலையில் அவள் குரல் அவளுடையது, மத்தியானம் அவளுடையது, வெயில் பாக்கு மர உச்சிக்குப் போனதும் தொண்டைக்குள் ஏதோ ஏறி உட்காரும், இருட்டு நன்றாகக் கட்டும் வரைக்கும் டுங் தவிர வேறு சொல் வராது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையசைப்பாள். அந்தோனியார் கோயில் சாமியார் வந்து எண்ணெய் மந்திரித்துத் தொண்டையில் தடவினார். டுங் கொஞ்சம் வழுவழுப்பாக வந்தது. மருத்துவமனையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, வெந்நீர் குடியுங்கள் என்றார்கள். வங்காளிப் பெண்கள் அவள் வாசலில் சங்கு ஊதினார்கள், ராஞ்சிக் கிழவர் ஒருவர் மட்டும் எதுவும் செய்யாமல் எதிரே குந்தியிருந்து கேட்டுவிட்டு, "இது அந்தத் தவளையார் வீடுதானே, எங்கே போவார்?" என்று இந்தியில் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஒரு மாதத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது. பழகியது மட்டுமல்ல, வசதியாகவும் போய்விட்டது. மழை வரப்போகும் நாளில் கூப்பிடுதல் நெருக்கமாக வரும் என்று கண்டுபிடித்தோம், அவள் குரலைக் கேட்டுக் காயப்போட்ட பாக்கை அள்ளினோம். தூங்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் வாசற்படியில் உட்கார்ந்தால் நாலாவது டுங்குக்குள் தூங்கின. சாயங்காலப் பூசையில் பாட்டுக்குழுவில் அவள் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சாமியார் பூசையைக் காலைக்கு மாற்றினார். ஜெட்டி அதிகாரி கடைசி போட்டுக்கு மட்டும் மணி அடிக்க ஏற்பாடு செய்தார், ஆனால் மணிக்கு யாரும் ஏறவில்லை, அவள் கூப்பிட்ட பிறகே ஏறினார்கள். தூத்துக்குடியில் இருக்கிற அவள் சித்தி மகள் ஒரு சாயங்காலம் போன் பண்ணி, எதிர்முனையில் வந்ததைக் கேட்டுவிட்டு, லைன் சரியில்லை, அப்புறம் பேசுறேன் என்று வைத்தாள். அப்புறம் பேசவில்லை. பழைய தவளைகளின் சத்தம் இல்லாமல் போனதை நாங்கள் மறந்தே போனோம். ஒரு மனுஷி எங்களுக்காக அந்தியைச் சத்தத்தோடு வைத்திருக்கும்போது, காடு ஊமையாகக் கிடப்பது எப்படித் தெரியும்?

ஒருவருக்கு மட்டும் அது வசதியாக இல்லை. சுபோல் மொண்டல். ஜெட்டி வாசலில் டீக்கடை வைத்திருந்தார், மனைவி இறந்து வெகுகாலம், ஒரே மகன் கல்கத்தாவில். கடைசி போட் போன பிறகு, கடையைக் கட்டுவதற்கு முன், அமலோற்பவத்துக்கு ஒரு டீ போட்டுக் கொடுப்பார், அவள் பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பாள். கால்மணி நேரம் இருவரும் பேசிக்கொள்வார்கள், கடலைப் பற்றி, மாவு விலையைப் பற்றி, அவர் மனைவி வைத்த மீன்குழம்பைப் பற்றி. பல வருஷமாக நாளுக்குக் கால்மணி நேரம். அது என்னவாக ஆகியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. தவளைக் குரல் வந்து பிடித்துக்கொண்டது சரியாக அந்தக் கால்மணி நேரத்தைத்தான்.

அதற்குப் பிறகும் அவர் டீ போட்டார். அவள் குடித்தாள், இடையிடையே டுங் என்றாள். அவர் பேசிக்கொண்டிருந்தார், கொஞ்சநாளில் அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இரண்டாவது மழைக்காலம் முடிந்து கடல் தெளிந்திருந்த ஒரு சாயங்காலம், எங்களில் இரண்டு பேர் பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தபோது, அவர் தன்னுடைய உடைந்த தமிழில் அவளிடம் கேட்டார்.

"அமல்ஜி, பையன் கூப்பிடுறான். கல்கத்தாவுக்கு. கடையை வித்துட்டு வா, வயசாச்சுன்னு சொல்றான். நான் போகவா, இருக்கவா? நீங்க இருன்னா இருக்கேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள்.

டுங்.

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். அவள் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, கையால் ஏதோ காட்டப் பார்த்தாள், இரு என்பதற்குக் கையை எப்படி வைப்பது, போ என்பதற்கு எப்படி வைப்பது என்று அவளுக்கே குழம்பியிருக்க வேண்டும், கை பாதியிலேயே மடியில் விழுந்தது. டுங். அவருடைய டீயில் ஆடை கட்டியது.

"அச்சா," என்றார் சுபோல், பதில் கிடைத்துவிட்டது போல.

மறுநாள் காலையில் அவளுக்குக் குரல் இருந்தது. அதற்கடுத்த காலையிலும் இருந்தது. டீக்கடை நாற்பது அடி தூரத்தில் இருந்தது. வெளிச்சத்தில், ஆட்கள் போகிற வருகிற இடத்தில், ஒரு பெண் எழுந்துபோய் இருங்கள் என்று சொல்வதற்கு வேறு வகைக் குரல் வேண்டும், அது அவளிடம் எப்போதுமே இருந்ததில்லை. அவர் புறப்பட்ட காலையில் ஒலிபெருக்கியில் அவள்தான் சொன்னாள், இந்தியில், வங்காளத்தில், தமிழில்: போர்ட் பிளேர் செல்லும் பயணிகள் உடனடியாகப் படகில் ஏறிக்கொள்ளவும். பிசிறில்லாமல் சொன்னாள். அன்றைய அந்தியில் டுங் வெகுநேரம் நிற்கவில்லை. மழை வருமென்று பாக்கை அள்ளி வைத்தோம். மழை வரவில்லை.

மூன்றாவது மழை தொடங்கும்போது ரெஹானா என்கிற பெண் வந்தாள். காயல்பட்டினத்துக்காரி, தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். முதல் நாள் சாயங்காலம் அவளை அமலோற்பவத்தின் வீட்டுக்கு நாங்கள்தான் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனோம். அவள் படியில் உட்கார்ந்து, சின்னப் பெட்டியில் குரலைப் பதிந்துகொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள். கண்ணைத் திறந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே இருக்கு. நான் கேட்டு நாலு வருஷம் ஆச்சு. ஆண் தவளையோட குரல் அக்கா இது."

மறுநாள் காலையில், தன் குரல் இருந்த நேரத்தில், அமலோற்பவம் அவளைத் தேடிக்கொண்டு போனாள். பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"இவ்வளவு கூப்பிடுதே, ஏம்மா ஒண்ணுகூட பதில் சொல்ல மாட்டேங்குது?"

"பொம்பளத் தவளை பதில் சொல்லாதுக்கா. அதுக்குக் கத்தத் தெரியாது. கேட்டா, வரும். அவ்வளவுதான்."

"வருமா?"

"எவ்வளவு தூரமா இருந்தாலும் வரும். ராத்திரியெல்லாம் நடந்துகூட வரும்."

அமலோற்பவம் தன் வீட்டு வாசற்படி இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "என்கிட்ட ஒண்ணும் வரலியே," என்றாள்.

அன்று அந்தியில் ரெஹானா டார்ச்சோடு வந்தாள். வாசற்படியைச் சுற்றி மஞ்சள் தவளைகள் உட்கார்ந்திருந்தன, மழை நின்றிருந்ததால் நிறம் மங்கி ஆலிவ் பச்சையாக, கொழுத்து, வரிசையாக. எங்களுக்கு அது புதிதல்ல. அவள் வீட்டு விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்குத் தவளை வருகிறது என்று நினைத்திருந்தோம். ஆனால் ரெஹானா வெளிச்சத்தைச் சுற்றி அடித்தபோதுதான் பார்த்தோம், ஒன்றுகூட விளக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாம் காட்டைப் பார்த்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காவல்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. அமலோற்பவத்தின் தொண்டை துடித்து, டுங், என்றது. பாக்கு மட்டைகளுக்கு நடுவே ஏதோ சின்னதாக அசைந்தது. ஓரத்துத் தவளை ஒன்று பாய்ந்தது. வெளிச்சம் அதன்மேல் போனபோது அதன் வாயோரத்தில் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நூல் மாதிரி மெல்லிய கால், விரல் நுனிகள் மரமேற ஏதுவாகத் தட்டையாக. ஒருமுறை மடங்கி நீண்டு, உள்ளே போனது.

ரெஹானா டார்ச்சை அணைத்தாள். இரண்டு மழைக்காலமாக அந்தப் படியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அமலோற்பவம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், விரல்களுக்கு நடுவிலிருந்து, டுங்.

அதற்குப் பிறகு அவள் செய்து பார்க்காதது இல்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள், தலையணையில் முகத்தைப் புதைத்தாள், காலித் தண்ணீர் டிரம்முக்குள் உட்கார்ந்து மூடியைப் போட்டுக்கொண்டாள். டிரம் பொந்து மாதிரி ஆகிக் குரலை இன்னும் பெரிதாக்கி மலை வரைக்கும் அனுப்பியது. பிறகு ஒரு படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, தினமும் வெயில் சாயும்போது கரை கண்ணுக்கு மறையும் வரை கடலுக்குள் போனாள். அங்கே சுற்றிலும் உப்புத் தண்ணீர், மேலே வானம், நடுவில் ஒரு பெண் டுங் டுங் என்று யாருமில்லாத திசைக்கெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க முடியாமல் படகுக்காரர் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருப்பார். கேட்க ஆளில்லாத இடத்தில் அந்தக் குரல் அவளைக் கிழித்தது. ஒரு வாரத்தில் எச்சிலில் ரத்தம் வந்தது.

ரத்தம் வந்த மறுநாள் காலையில் அவள் தம்பி வீட்டு வேலியருகே வந்து நின்றாள். சவரிநாதன் குளத்தை மூடிக்கொண்டிருந்தான். மூன்று மாதமாக மண் வெட்டிப் போடுகிறான், மஞ்சள் தவளைகள் குளத்தை விட்டு எப்போதோ ஊருக்குள் போய்விட்டன என்று தெரிந்தும் போடுகிறான்.

"சவரி, இங்க கூப்பிட்டா வந்து சாகுதுங்க. கடல்ல கூப்பிட்டா யாருக்கும் கேக்கல. நான் மலை மேல மேட்டுக்காட்டுக்குப் போறேன்டா. அங்க குளம் குட்டை கிடையாது, மஞ்சத்தவளைங்க இன்னும் ஏறலன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. கூப்பிட்டுக்கிட்டே நடந்தா, மிச்சம் இருக்கறது பின்னாலயே வரும்ல?"

"வழியெல்லாம் மஞ்சத்தவளதானக்கா. நாலு அடி வராது அதுங்க."

அவன் மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைக் காலால் தள்ளினான்.

"கொண்டாந்து விட்டவன் நான்தான். வழிய நான் பாத்துக்கறேன்," என்றான்.

குறித்துக்கொண்ட சாயங்காலம் நல்ல மழை. சவரிநாதன் பாக்கு மட்டைத் துடைப்பமும் கோணிப்பையுமாக அக்கா வீட்டு வாசலிலிருந்து பெருக்கத் தொடங்கினான், மழையில் மறுபடி மஞ்சளாகி மின்னிக்கொண்டிருந்த தவளைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, பிடிக்க முடிந்ததைப் பிடித்துப் பையில் போட்டு, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு வழி செய்துகொண்டே போனான். அவனுக்குப் பின்னால் குளோரி ஒரு துடைப்பத்தோடு இறங்கினாள். குளோரி இறங்கியதைப் பார்த்து அடுத்த வீடு இறங்கியது, அடுத்த வீட்டைப் பார்த்து வங்காளித் தெரு இறங்கியது, ராஞ்சி லைன் வீடுகளிலிருந்து மூங்கில் கூடைகளோடு வந்தார்கள், சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோயில் துடைப்பத்தோடு வந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மழையில் நனைந்துகொண்டு, ஊரே குனிந்து, பேசாமல், ஒரு தெருவைப் பெருக்கிக்கொண்டே மலையடிவாரம் வரை போனது, கல்யாணத்துக்கோ சாவுக்கோ பெருக்குகிற மாதிரி. பைக்குள் திமிறிய தவளைகளைப் பிறகு மீன்காரர்களின் ஐஸ் பெட்டிகளில் வைத்தோம், குளிரில் தூங்கிக்கொண்டே செத்தன. அதைச் சொல்வதில் எங்களுக்குப் பெருமை இல்லை. அவை தாங்களாக வரவில்லை, யாரோ பையில் கட்டிக் கொண்டுவந்து விட்ட இடத்தில் பிழைத்தன, எங்களைப் போல.

பெருக்கிய வழியின் நடுவே அமலோற்பவம் நடந்தாள், பத்தடிக்கு ஒரு தரம் நின்று, டுங். நின்று, டுங். ரெஹானா அவளுக்குப் பின்னால் டார்ச்சைத் தரையோடு பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் வரை ஒன்றும் வரவில்லை. ரேஷன் கடை தாண்டியும் ஒன்றும் வரவில்லை. இனி ஒன்றுமே மிச்சமில்லை என்று நாங்கள் நினைத்து, அதை முகத்தில் காட்டாமல் பெருக்கிக்கொண்டிருந்தபோது, ரெஹானா குரலை உயர்த்தாமல், "அசையாதீங்க," என்றாள். அமலோற்பவத்தின் ஈரச் சேலையில், முழங்காலுக்கு மேலே, மரப்பட்டை நிறத்தில் கட்டைவிரல் அளவு ஒரு தவளை ஏறிக்கொண்டிருந்தது. இடுப்பில் ஏறி, முதுகில் ஏறி, தோளில் போய் உட்கார்ந்தது. வயிறு முட்டைகளால் உருண்டு கிடந்தது. அவள் தொண்டை துடிக்கும் இடத்துக்குப் பக்கமாக நகர்ந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டது. வேறொன்று வரவில்லை.

மலையடிவாரத்தில் நாங்கள் நின்றுவிட்டோம். சவரிநாதன் கூட வருகிறேன் என்றான், அவள் வேண்டாமென்று கையைக் காட்டினாள், இந்த முறை கை குழம்பவில்லை. டார்ச்சை மட்டும் வாங்கிக்கொண்டு ஏறினாள். மேலே நடந்ததை மறுநாள் அவள் தம்பியிடம் சொன்னாள், அவன் எங்களிடம் சொன்னான்.

மஞ்சள் தவளைகள் இன்னும் எங்கள் ஊரில் இருக்கின்றன, ஒவ்வொரு மழைக்கும் பெருக்குகிறோம், ஒவ்வொரு மழைக்கும் வருகின்றன. மேட்டுக்காட்டுக்கு ரெஹானா இரண்டு முறை போய்விட்டு வந்தாள், ஒரு பொந்தில் குஞ்சுகளைப் பார்த்தேன் என்று ஒருமுறை சொன்னாள், இன்னொரு முறை ஒன்றும் சொல்லவில்லை. அந்தியில் ஊர் சத்தமில்லாமல் இருக்கிறது. குழந்தைகள் தூங்க நேரமாகிறது.

அன்று மேலே, வெளிச்சம் கடைசியாக மரங்களின் உச்சியில் நின்ற நேரத்தில், அமலோற்பவம் ஒரு பெரிய படாக் மரத்தடிக்கு வந்து சேர்ந்தாள். ஆள் உயரத்தில் அதற்கு ஒரு பொந்து இருந்தது, உள்ளே மழைநீர் கறுப்பாக நின்றது. மூச்சு வாங்க மரத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்தாள். டுங் வந்தது. ஆனால் அது தன் வாயிலிருந்து வரவில்லை, பொந்துக்குள்ளிருந்து வந்தது என்பது அவளுக்கு உடனே விளங்கவில்லை. மறுபடி வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை, பொந்து கூப்பிட்டது. அங்கே ஏற்கெனவே ஒருவன் இருந்தானா, அவளுக்குள் இருந்தவன்தான் இடம் பார்த்துப் போய்விட்டானா, அதை அவள் யோசிக்கவில்லை. தோளில் இருந்தது அசைந்தது. அவள் கையின் வழியாக இறங்கி, மணிக்கட்டைத் தாண்டி, விரலிலிருந்து மரப்பட்டைக்கு மாறி, பொந்தின் விளிம்பில் ஒரு கணம் உட்கார்ந்து, உள்ளே போனது. திரும்பிப் பார்க்கவில்லை. தவளைகள் பார்ப்பதில்லை.

அவள் வேரின்மேல் தொப்பென்று உட்கார்ந்து, "அப்பாடி, என்ன ஏத்தம்," என்றாள்.

மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு அந்தி நேரத்தில் வந்த தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டாள். கொஞ்சம் கரகரப்பாக, ரத்தச் சுவையோடு, ஆனால் அவளுடைய குரல்தான். ஆசையாக இருந்தது. கால் வலிக்குது என்றாள். சேல பூரா சேறு என்றாள். யாராவது கேட்பது போல, காலையில கஞ்சி மட்டும்தான் குடிச்சேன் என்றாள். இன்னும் சொல்லத் தொடங்கியபோதுதான் கவனித்தாள், அவள் முதல் சொல் சொன்னதிலிருந்தே பொந்து அடங்கிப்போயிருந்தது. அருகில் மனிதக் குரல் கேட்டால் தவளைகள் அப்படித்தான், கல்லாகிவிடும், மனிதர் போகும் வரை மூச்சைக்கூட அடக்கிக்கொள்ளும்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். மரத்தில் முதுகைச் சாய்த்து, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தான் அங்கே இல்லாதது போல உட்கார்ந்திருந்தாள். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, அவள் தலைக்கு மேலே, தயங்கித் தயங்கி, அது கூப்பிடத் தொடங்கியது.